அன்று அங்கே இல்லாதவர்களின் துக்கம்

அன்புள்ள ஐயா,

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரங்களுக்கு முன் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்துபோன ஒரு மாணவியை எனக்கு நூலகத்தில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் தெரியும். அன்று நான் வளாகத்திலேயே இல்லை. ஆனாலும் தூக்கம் வருவதில்லை, யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் நெஞ்சு படபடக்கிறது. என் அறைத்தோழன் அந்தக் கட்டடத்திலிருந்து தப்பி வந்தவன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் முன்னால் நான் துக்கப்படுவதே தவறு என்று தோன்றுகிறது. அவனை எப்படியாவது பேசவைக்க வேண்டுமா? வகுப்புகள் தொடங்கிவிட்டன. ‘இயல்புக்குத் திரும்புவோம்’ என்று எல்லோரும் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

துக்கப்பட நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நீங்கள் தினமும் நடக்கும் பாதையில், படிக்கும் நூலகத்தில், பார்த்த முகம் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. உங்கள் அறைத்தோழன் பட்டது வேறு, நீங்கள் படுவது வேறு. இரண்டையும் தராசில் வைக்காதீர்கள்.

தூக்கமின்மையும் சத்தம் கேட்டால் பதறுவதும் இப்படி ஒரு நிகழ்வுக்குப் பின் பலருக்கும் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. இந்த வாரமே போங்கள்.

உங்கள் தோழனைப் பேசவைக்க முயலாதீர்கள். ஒருகாலத்தில், உயிர் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வது நல்லது என்று நம்பினார்கள். பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பலன் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்திருக்கலாம் என்று தெரிந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உளவியல் முதலுதவியில் யாரையும் பேசும்படி வற்புறுத்தக் கூடாது. என்ன தேவை என்று பார்ப்பது, சொன்னால் காதுகொடுத்துக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது, அவ்வளவுதான். அவனோடு சாப்பிடுங்கள். விட்டுப்போன பாடக்குறிப்புகளைக் கொடுங்கள். அந்தக் கட்டடத்தைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தால், “நானும் வரட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். ஆனால் உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் அவன் ஏதாவது சொன்னால் மட்டும் ரகசியம் காக்காதீர்கள். அவனைத் தனியாக விடாமல் உடனே உதவிக்கு ஆள் அழையுங்கள்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய் அங்கே நீரியல் கற்பித்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். அங்கேயும் ஒரு வாரத்தில் வகுப்புகள் தொடங்கின. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதுவரை வாங்கிய மதிப்பெண்ணோடு பருவத்தை முடித்துக்கொள்ளலாம் என்று மாணவர்களிடமே முடிவை விட்டார்கள். வகுப்பறையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பதே சிலருக்கு ஆறுதல். சிலருக்கு அந்த வாசலை மிதிக்கவே முடியாது. இருவருக்கும் இடம் கொடுத்த அந்த ஏற்பாடு, எந்த இரங்கல் அறிக்கையையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன். உங்கள் நிர்வாகத்திடம் நீங்கள் கூட்டாகக் கேட்க வேண்டியது இதைத்தான்: தேர்வைத் தள்ளிப்போடும் உரிமை, வருகைப்பதிவில் தளர்வு, காத்திருக்க வைக்காமல் இந்த ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஆலோசகர்கள்.

அங்கே மாணவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் 32 கற்களைத் திடலில் வைத்தார்கள். பின்னால் வந்த நிரந்தர நினைவிடத்துக்கு அதுதான் தொடக்கம். அந்த 32 பேரில் 30 பேர் கொல்லப்பட்ட நாரிஸ் கட்டடத்தை இடிக்கவில்லை. அதன் ஒரு பகுதியைப் புதுப்பித்து, அமைதிக் கல்விக்கும் வன்முறைத் தடுப்புக்குமான மையமாக்கினார்கள். அந்தக் கட்டடத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு பேராசிரியர்தான் அதன் முதல் இயக்குநர். அந்த மன உறுதி எல்லோருக்கும் வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஆண்டுதோறும் 3.2 மைல் நினைவு ஓட்டமும் நடக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக ஓடலாம், எதுவும் பேச வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் மெழுகுவத்தியும் மலரும் நிறைய வரும். தொலைக்காட்சி வண்டிகள் போனபின் அவை குறையும். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அப்படி ஒன்றும் வராது. ஆனால் முதலாண்டு நினைவுநாள் நெருங்கும்போது பழைய பயம் மறுபடி தலைதூக்கும். துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், விடுதிச் சமையல்காரர்கள் போன்றவர்களை அதற்குள் மறந்தே போயிருப்பார்கள். உங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டு, யார் யாரை எந்த வாரம் போய்ப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் தோழன் பெயர் அதில் இருக்கட்டும். உங்கள் பெயரும் இருக்கட்டும்.

எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்.