காலை ஆறு மணி வேகம்

அன்புள்ள ஐயா,

வீட்டில் 40 எம்பிபிஎஸ் இணைப்பு. மூன்று மாதமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு வேகத்தை அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். ஒரு தளம் 39 காட்டுகிறது, இன்னொன்று 25. எதை நம்புவது? ராத்திரி எட்டு மணிக்கு சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் பேசினால் முகம் உறைந்துவிடுகிறது. மழை நாளுக்கென்று வாங்கிய இரண்டாவது இணைப்பும் சேர்ந்தே படுக்கிறது. லைன் பாதுகாப்பானதா என்று எப்படிப் பார்ப்பது?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

மூன்று மாதம் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டுக்காகவே இந்தப் பதில். ஆனால் விடியற்காலை அண்ணா சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஏன் நெரிசல் என்று கேட்பதா? மகள் பேசுவது எட்டு மணிக்கு. அளக்க வேண்டியதும் எட்டு மணிக்குத்தான்.

இரண்டு தளமும் பொய் சொல்லவில்லை. வேகம் அளக்கும் தளங்களில் ஊக்லா பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து, பல சமயம் உங்கள் இணையக் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சர்வரோடு அளக்கும். எம்-லேப் ஒரே இணைப்பில், கம்பெனிக்கு வெளியே போய் அளக்கும். எண் வேறாகத்தான் வரும். இதை விடுங்கள்.

வேகம் உங்கள் வியாதியே இல்லை. வீடியோ பேச 4 எம்பிபிஎஸ் போதும். பார்க்க வேண்டியது தாமதம். அதுவும் லைன் சும்மா இருக்கும்போது அல்ல, திணறும்போது. லேப்டாப்பை லேன் வயரால் ரவுட்டரில் சொருகுங்கள். வைஃபையில் அளந்தால் சுவரையும் சேர்த்து அளப்பீர்கள். லேப்டாப்பில் ஒரு கமாண்ட் ஜன்னலில் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் 1.1.1.1-க்கு பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடட்டும். விண்டோஸில் கட்டளையோடு -t சேர்த்தால் நிற்காமல் ஓடும். இரண்டு நிமிடம் எதையும் தொடாதீர்கள். பிறகு 1 ஜிபி வீடியோ ஒன்றை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். ரவுட்டர் 1 மில்லிசெகண்டிலேயே நிற்க, மற்றது 10-லிருந்து 400-க்கு ஏறினால் ஆள் பிடிபட்டார்: ரவுட்டரிலிருந்து வெளியே போகும் வரிசை. ஏற்றாதபோதும் எட்டு மணிக்கு மட்டும் எகிறினால் நெரிசல் கம்பெனி பக்கம். அந்த எண்களோடு புகார் கொடுங்கள்.

ஏன் ஏறுகிறது? அனுப்ப முடியாத பாக்கெட்டை, அதாவது தரவின் சிறு துண்டை, கீழே போடாமல் ரவுட்டர் வரிசையில் நிறுத்திவைக்கிறது. 2 எம்பி வரிசை என்றால் 1 கோடியே 60 லட்சம் பிட். நொடிக்கு 4 கோடி பிட் போகும் லைனில் அது வடிய 0.4 நொடி. உங்கள் குரல் அந்த ரேஷன் கடை வரிசையின் கடைசியில் நிற்கிறது. சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடி கேபிள் சுமார் 3,200 கி.மீ.; கண்ணாடி இழையில் ஒளிக்கு அது 16 மில்லிசெகண்ட். வங்கக்கடலைத் தாண்ட 16, டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் தாண்ட 400! அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் ‘ஹலோ, ஹலோ’ என்பது இதனால்தான்.

வைத்தியம் இருக்கிறது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையில் அதிக நேரம் தேங்கினால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு, அனுப்புகிறவரை நிதானிக்க வைக்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏறும் ரவுட்டர் வாங்கி, அதில் இந்த முறையை இயக்கும் எஸ்க்யூஎம் பகுதியில் ஏற்றம், இறக்கம் இரு பக்கமும் 36 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 40 வைத்தால் வரிசை மறுபடி கம்பெனியின் டப்பாவுக்கே போய்விடும், பயனில்லை. வேகம் குறையுமே என்பீர்கள். குறையட்டும் ஐயா! காலை ஆறு மணிக்கு யாருக்கு வேண்டும் அந்த 39?

மழை விஷயத்துக்கு மொட்டை மாடி ஏறுங்கள். இரண்டு கறுப்பு வயரும் ஒரே போஸ்ட்டுக்குத்தானே போகின்றன? பில் இரண்டு, மரம் விழும் இடம் ஒன்று. ட்ரேஸ்ரூட் என்ற கட்டளை வழியில் உள்ள ரவுட்டர்களைக் காட்டும், போஸ்ட்டைக் காட்டாது. இரண்டாவதை நிறுத்திவிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுங்கள்; ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ்.

பாதுகாப்பா? ரவுட்டரின் பாஸ்வேர்டு இன்னும் ‘அட்மின்’தானே? முதலில் அதை மாற்றுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

நோட்டில் இன்றிரவு முதல் நான்கு கட்டம்: மணி, சும்மா இருந்தபோது, ஏற்றும்போது, மழை உண்டா. இரண்டு வாரம் எழுதி அனுப்புங்கள்.