வாசகர் கேள்வி: ஒரே பக்கம், ஆளுக்கொரு விளம்பரம்

மயிலாப்பூரில் இருந்து சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். ஒரே பக்கத்தை நான் திறந்தால் தி.நகர் நகைக்கடை பேனர் வருகிறது, என் அக்காவுக்கு விமான டிக்கெட். யார் முடிவு செய்கிறார்கள்? மாதம் 40 ஆயிரம் பார்வை இருந்தும் வருமானம் சொற்பம்தான். ஏன்?

உங்கள் பக்கத்தில் இருப்பது விளம்பரம் இல்லை, காலிப் பெட்டி. 1994-இல் ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணையதளத்தில் பேனர் போட்டபோது இடத்தைப் பேசி விற்றார்கள். இப்போது ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் ஏலம். பெட்டியில் உள்ள கோட், இன்ன அளவு இடம், இன்ன ஊர், இன்ன வகை போன் என்று விளம்பர சர்வருக்குச் சொல்லும். அக்கா முந்தின நாள் மதுரைக்கு டிக்கெட் தேடியிருந்தால் அதை நினைவில் வைத்திருக்கும் குக்கீ என்ற சின்னக் குறிப்பும் கூடவே பேசும். கண் சிமிட்டுவதற்குள் ஏலம் முடிந்து, பெரும்பாலும் அதிகம் கேட்டவரின் படம் பெட்டியில் உட்காரும்.

ஏலத்தொகை பெரும்பாலும் சிபிஎம் கணக்கு, அதாவது ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு. ஒரு பெட்டியில் ஒரு முறை விளம்பரம் வந்தால் ஒரு இம்ப்ரெஷன். பக்கத்துக்கு 2 பெட்டி, ஆயிரத்துக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 80 ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 2,400 ரூபாய். விளம்பரத்தை மறைக்கும் ஆட் பிளாக்கர், விளம்பரம் கிடைக்காத பெட்டி எல்லாம் போக இன்னும் குறையும்.

கேட்கும் விலையை ஏற்றுவது இடம்தான். பேனரில் பாதியாவது திரையில் 1 நொடி தெரிந்தால்தான் 'பார்க்கப்பட்டது' என்று எண்ணுவார்கள். பக்கத்தின் அடியில், கருத்துப் பகுதிக்கும் கீழே இருக்கும் பெட்டியை யார் பார்க்கப் போகிறார்கள்? வத்தக்குழம்புக் குறிப்பில் பொருள் பட்டியல் முடிந்து செய்முறை தொடங்கும் இடத்தில் 300-க்கு 250 பிக்சல் பெட்டியை வையுங்கள். புளியை ஊறவைத்துவிட்டு வருகிறவர் அங்கேதான் நிற்பார். 728-க்கு 90 கம்ப்யூட்டருக்குச் சரி, போனில் ஓரத்தைத் தாண்டி வழியும். அங்கே 320-க்கு 50 போதும்.

இன்னொரு தவறு, பெட்டிக்கு உயரம் ஒதுக்காமல் விடுவது. விளம்பரம் தாமதமாக வந்ததும் எழுத்து கீழே தள்ளப்பட்டு, விரல் பேனரில் பட்டுவிடும். வாசகருக்கு எரிச்சல், உங்களுக்குத் தவறான கிளிக். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோடில் 250 பிக்சல் உயரம் என ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. தளத்தின் முதன்மை ஃபோல்டரில் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் இடத்தை யார் விற்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. அதில் உங்கள் கணக்கைக் காட்டும் 'பப்' (pub) எண் சரியா என்றும் பாருங்கள். எண் தப்பானால் பல வாங்குநர்கள் ஏலத்துக்கே வரமாட்டார்கள்.

தோழிகளை வாரம் ஒருமுறை கிளிக் செய்யச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரே வட்டத்தில் இருந்து திரும்பத் திரும்ப வரும் கிளிக்குகளை, தளங்களுக்கு விளம்பரம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கண்டுபிடித்துவிடும். அந்தப் பணம் விளம்பரதாரருக்குத் திரும்பும், கணக்கும் மூடப்படலாம். நீங்களே சோதித்துப் பார்க்கவும் கிளிக் செய்யாதீர்கள்.

100 டாலர் சேர்ந்தும் பணம் வரவில்லை, ஏன்?

ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் ஆனதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் வரும். அதைப் பதியாவிட்டால் பணம் நிற்கும். அடுக்குமாடி வீடென்றால் முகவரியில் பிளாக், கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். முகவரி முழுதாக இல்லாவிட்டால் கடிதம் காணாமல் போகலாம். வங்கி விவரத்தில் ஸ்விஃப்ட் கோடும் (வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு உள்ள அடையாளக் குறி) வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த மாதம் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள்.