அப்பாவின் நோய் விவரங்களை மருத்துவமனையில் யாரிடம், எவ்வளவு சொல்ல வேண்டும்?

பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவை இடுப்பு அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கப் போவதாகவும், எல்லாம் கோப்பில் இருக்கும்போது செவிலியர்களிடம் தனியாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகப் படாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டால் படட்டும், சொல்லுங்கள். அதுவும் மாத்திரையைக் கையில் கொடுப்பவரிடம் சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். குடலிறக்க அறுவைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டில் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று மணி பார்த்துச் சின்டோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையைக் கொடுப்போம். அங்கே சீட்டில் 'நான்கு வேளை' என்று மட்டும் இருந்ததால், முதல் மாத்திரை காலைச் சிற்றுண்டிக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் அம்மாவால் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. இட்லியை எடுத்த கை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. புரத உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து சரியாக உடலில் ஏறாது என்பது வேறு. அன்றே மருந்து, அளவு, மணி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி, பணிமுறை மாறும்போதெல்லாம் புதிதாக வருபவரிடம் காட்டினேன். அறுவைக்குப் பின் வாந்திக்காகப் பெரிநார்ம் ஊசியோடு வந்த செவிலியர், கொடுக்கக் கூடாத மருந்து என்று அதன் பெயரை அந்தத் தாளில் நான் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மருத்துவரை அழைத்தார். உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருளை மூளையில் தடுத்து நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும் மருந்து அது என்பதால், ஆன்டான்செட்ரான் என்ற வேறொரு வாந்தி மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள். மனக்குழப்பத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோபமைனைத் தடுப்பதுதான்; அதையும் அதே சிவப்பு மையில் எழுதுங்கள். அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும்போது, ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை தரலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவர் அல்லள். செவிலியர்களைக் குறை கூறுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். இரவில் ஒருவரே எத்தனை படுக்கைகளுக்கு ஓடுகிறார் என்பதை நேரில் பார்த்தவள். என் கோபமெல்லாம் காப்பீட்டு முகப்பின் மீதுதான்: மருந்து நேரத்தை யாரும் கேட்காத அதே இடத்தில், அம்மாவுக்குச் சிறுநீர் கட்டுப்படாததை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒருவர் சத்தமாக விசாரித்தார்.

வீட்டுக்கு வரும் உதவியாளருக்கு, விழுங்குவதில் சிரமம், எழும்போது தலைசுற்றல் போன்றவை கட்டாயம் தெரிய வேண்டும். என் அம்மாவின் பழைய கருப்பைச் சிகிச்சை போன்றவை அவருக்கு எதற்கு? அப்பா நினைவு தெளிவாக இருப்பவர் என்றால், எதை யாரிடம் சொல்லலாம் என்று முதலில் அவரையே கேளுங்கள். என் அம்மா ஊசி மருந்து வரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சிறுநீர் விஷயம் மட்டும் தம்பி மனைவி காதுக்குப் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.