வாய்ப்புண் என்ற பெயரில் போன 152 நாட்கள்

உங்கள் மாமனாரின் நாக்கோரத்தில் ஒரு மாதமாக ஆறாத புண் இருப்பதாகவும், இரண்டு முறை மருந்து மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்புற்றுநோயை நம் ஊரில் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டுபிடிப்பது ஏன், இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். நான் மருத்துவர் அல்லன். கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கும் என் தாயாருக்கு இடது கன்னத்தின் உட்புறம் வந்த புற்றுநோயோடு ஏழு மாதம் அலைந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பிய பிறகு, அவர் போகுமிடமெல்லாம் தூக்கிச் சென்ற மஞ்சள் பையைக் கவிழ்த்து, உள்ளே இருந்த சீட்டுகளைத் தேதி வாரியாகத் தரையில் அடுக்கினேன். பொங்கல் வாரத்தில் சாம்பாரின் காரம் கன்னத்தில் சுரீரென்று பட்டதாக அவர் சொன்ன நாளிலிருந்து, ஒருவர் அந்தப் புண்ணில் சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய நாள் வரை 152 நாட்கள் ஆகியிருந்தன. இடையில் மருந்துக்கடைக்காரர், பொது மருத்துவர், பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று நான்கு பேர் அவரைப் பார்த்திருந்தார்கள். இவர்களில் எவரும் அலட்சியமாக நடந்துகொண்டதாக என்னால் சொல்ல முடியவில்லை. ஆளுக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஏற்கத்தக்க அவகாசத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அம்மா தம்மிடம் வந்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ணத் தொடங்கினார்கள். அதற்கு முன் போன நாட்களை எவரும் கூட்டிப் பார்க்கவில்லை. தாமதம் ஏன் என்ற உங்கள் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான்.

அந்தக் கணக்கில் முதல் பிழை எங்களுடையது. முதல் ஐந்து வாரம் வீட்டிலேயே போயிற்று. நம் பேச்சில் வாய்ப்புண் என்பது நோயாகவே எண்ணப்படுவதில்லை. உடம்பில் சூடு ஏறிவிட்டது, வயிற்றில் புண் இருக்கிறது என்பதற்கான அடையாளமாகத்தான் அதைப் பார்க்கிறோம். அம்மா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துச் சாப்பிட்டார். தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது நானும், "சூட்டுப் புண்ணாத்தான் இருக்கும், மோர் நிறையக் குடிம்மா" என்றேன். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் என்பதால் கீரையும் மோரும் ஒவ்வொரு முறையும் பலித்ததுபோலவே தோன்றும். முன்பு பலித்த அந்த நினைவுதான் ஆறாத புண்ணிலும் நம்மைப் பொறுத்திருக்கச் செய்கிறது. போதாக்குறைக்கு, சூட்டுப் புண் பாடாய்ப் படுத்தும். புற்றுப்புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அம்மாவுக்குக் காரம் பட்டால் எரிந்ததே தவிர, மற்ற நேரத்தில் அது இருப்பதே தெரியவில்லை.

மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுவதற்கு ஒரு களிம்பும் கொடுத்தார்கள். அடுத்து, பொது மருத்துவர் கிருமிக்கொல்லி மாத்திரை எழுதினார். அவரும் பின்னர் பல் மருத்துவரும் புகையிலை போடும் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். அம்மா இல்லை என்றார். அது உண்மையும்கூட. ஆனால் நாற்பது ஆண்டுகளாக நாளுக்கு ஏழெட்டு முறை வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மடித்து அதே இடது கன்னத்தில் அடக்கி வைத்திருந்தவர் அவர். வெற்றிலைப் பெட்டியை அவரோ நாங்களோ ஒரு கெட்ட பழக்கமாக நினைத்ததில்லை. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லியிருப்பது எனக்கு மிகப் பின்னால்தான் தெரிந்தது.

பல் மருத்துவர் பார்த்தபோது, புண்ணுக்கு நேரே கடைவாய்ப் பல் ஒன்றின் விளிம்பு கூராக இருந்தது. பல் குத்திக் குத்திப் புண்ணாகியிருக்கிறது என்று சொல்லி அதைத் தேய்த்து மழுக்கினார். இது தவறன்று, காரணமாகத் தெரிவதை முதலில் நீக்கிவிட்டு, இரண்டு வாரத்தில் ஆறுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்பதே முறை. சீட்டில் அந்த இரண்டு வாரத்துக்கான தேதிதான் இல்லை. சித்திரையில் அந்தப் பல் ஆடத் தொடங்கியது, பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஒரு மாதமாகியும் மூடாதபோது அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது: அம்மாவுக்குச் சர்க்கரை. பிறகு இடது காதில் வலி வந்தது. காதுக்குச் சொட்டு மருந்து கிடைத்தது. வாயின் உட்புறத்துக்கும் தாடைக்கும் காதின் முன்புறத்துக்கும் உணர்ச்சி தரும் நரம்புக் கிளைகள் ஒரே நரம்பிலிருந்து பிரிவதால், வாயில் இருக்கும் நோய் காதில் வலியாகத் தெரியலாம் என்பதை அப்போது எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

ஆனி மாதம், அண்ணன் அவரை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் பழைய சீட்டுகளைப் புரட்டுவதற்கு முன்பே, "எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டார். பொங்கலுக்கு வந்தது என்று அம்மா சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கையுறை மாட்டி, புண்ணின் விளிம்பைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். விளிம்பு தடித்து மேலெழும்பி, அடிப்பகுதி கல்போல இறுகியிருந்ததாம். பிறகு தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவினார். இடப்பக்கம் நெறி கட்டியிருந்தது. மொத்தமும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று அண்ணன் சொன்னார். அதற்கு முந்தைய 152 நாட்களில் அந்தப் புண்ணை டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் உண்டு, தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கே பயாப்சி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை, செய்தார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சித்தி தொலைபேசியில் அழுதார். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று அந்த மருத்துவரே பொறுமையாக அவருக்கு எடுத்துச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. இனி எல்லாம் விரைந்து நடக்கும் என்று நினைத்தேன். அறிக்கையிலிருந்து அறுவை சிகிச்சைக்கு மேலும் 47 நாட்கள் பிடித்தன. பரிந்துரைச் சீட்டோடு போன பெரிய மருத்துவமனையில், அறிக்கைத் தாள் மட்டும் போதாது, சதை வைத்த கண்ணாடித் தகடும் மெழுகுக் கட்டியும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். ஸ்கேனுக்கு ஒரு தேதி, காப்பீட்டுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குலதெய்வக் கோயில் திருவிழா முடியட்டும் என்று எங்கள் வீட்டிலேயே தள்ளிப்போட்ட ஐந்து நாள் என்று மற்றவை கரைந்தன. பயாப்சி நாளில் மூன்று சென்டிமீட்டருக்குள் என்று குறித்திருந்த புண் ஸ்கேனில் நான்கைத் தாண்டியிருந்தது. அளக்கும் முறை வேறு என்றார்கள். இருக்கலாம்.

இதைத் தவிர்க்க வழியில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் 2015இல் வெளியான வழிகாட்டுதல், காரணம் தெரியாத வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, கழுத்தில் காரணம் தெரியாத கட்டி மறையாமல் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர் பார்க்கும்படி அனுப்புவதைப் பரிசீலிக்கச் சொன்னது. நாள்கணக்கையே அளவுகோலாக்கிவிட்டார்கள். நமக்கு இன்னும் அருகிலேயே சான்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கி, 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியாயிற்று. 30 முதல் 65 வயது வரையுள்ள எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் வரையறை வகுத்தது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ளோரில் இதற்காக ஒருமுறையேனும் வாயைக் காட்டியவர்கள், பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 1.2 விழுக்காடு மட்டுமே.

உங்கள் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே மூன்றாவது மருந்தை முயன்று பார்க்க வேண்டாம். இந்த வாரத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ, வாய் முக அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலான வாய்ப்புண்கள் புற்றுநோய் அல்ல, அவருடையதும் அப்படியே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை, நாம் அல்ல. புண் எந்தத் தேதியில் தெரிந்தது, எந்த மருந்து எத்தனை நாள் என்பதை ஒரே தாளில் எழுதி, அறைக்குள் நுழைந்ததும் முதலில் அதைக் கொடுங்கள். வெற்றிலை, பாக்கு, பீடி, மது எதையும் விடாமல் குறிப்பிடுங்கள். பயாப்சி செய்தால், வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் தகடும் மெழுகுக் கட்டியும் எங்கே வாங்குவது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். "ரெண்டு வாரம் பார்க்கலாம்" என்று சொன்னால், எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டு, அதை அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.