பிளக்கு சுடுதுண்ணே, என்ன பண்றது?

கேள்வி: அண்ணே வணக்கம். போன மாசம் பிஒய்டி அட்டோ 3 எலெக்ட்ரிக் கார் எடுத்தோம், 60 யூனிட் பேட்டரி. வீடு செந்தூல்ல அப்பா காலத்து டெரஸ் வீடு, சிங்கிள் ஃபேஸ். ஹால் பிளக்குல இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து போர்ச்சுல சார்ஜ் போடுறோம், காலையில பிளக்க தொட்டா சுடுது. கூட்டாளி ஒருத்தர் த்ரீ ஃபேஸ் மாத்தி 22 கிலோவாட் சார்ஜர் போடுங்கிறாரு, மாமா பிளக்கே போதும்ங்கிறாரு. யார் பேச்ச கேக்குறது? தெனம் ஷா ஆலாம் போயிட்டு வர 60 கிலோமீட்டர் ஓடுது.
(வாசகர், செந்தூல்)

பதில்: தம்பி, இன்னிக்கு ராத்திரியே அந்த எக்ஸ்டென்ஷன் வயர கழட்டி வச்சிருங்க, மத்தத அப்புறம் பேசுவோம். மூணு பின் பிளக்கு 13 ஆம்பியர்னு போட்டிருக்கும், ஆனா கெத்தல்ல தண்ணி சுட வைக்கிற அஞ்சு நிமிசம் வேற, பத்து மணி நேரம் விடாம 10 ஆம்பியர் இழுக்குறது வேற. பழைய சாக்கெட்டுல உள்ள இருக்குற பித்தளை தகடு லூசாயிருக்கும், லூசான எடத்துலதான் சூடு ஏறும், சூடு ஏற ஏற இன்னும் லூசாகும். எங்க வீட்டுலயும் இப்படித்தான், சாக்கெட் ஓரம் பழுப்பா மாறி கருகுன வாடை வந்தப்பறந்தான் எனக்கே புத்தி வந்துச்சு. சுருட்டி வச்ச எக்ஸ்டென்ஷன் வயர் அத விட மோசம், சூடு வெளிய போக வழியே இல்ல.

உங்க மாமா சொல்றது பாதி சரி. 60 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 யூனிட் ஆகும், பிளக்கு மணிக்கு 2.3 யூனிட் தரும், அஞ்சு மணி நேரத்துல முடிஞ்சிடும். டிபி பாக்ஸ்ல, அதான் மெயின் சுவிட்ச் இருக்குற பெட்டியில இருந்து தனி லைன் இழுத்து போர்ச்சுல புது சாக்கெட் போட்டாலே உங்க ஓட்டத்துக்கு தாங்கும். ஆனா காலியான பேட்டரிய நிரப்ப ஒரு நாளுக்கு மேல ஆகும், தீபாவளிக்கு பினாங்கு கெளம்புற அன்னிக்கு முழிப்பீங்க.

22 கிலோவாட் பேச்ச விட்டுருங்க. உங்க கார் ஏசி சார்ஜிங்ல, அதாவது வீட்டு கரண்டுல, 7 கிலோவாட்டுக்கு மேல வாங்காது, செவுத்துல எவ்வளவு பெருசா மாட்டுனாலும் அதேதான், த்ரீ ஃபேஸ் மாத்துற காசு தண்டம். சிங்கிள் ஃபேஸ்லயே 7 கிலோவாட் வால் சார்ஜர் போடலாம், அது 32 ஆம்பியர் இழுக்கும், ராத்திரி தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள ஃபுல். ஆனா ஒரே நேரத்துல மூணு ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், கூட இதும்னா மெயின் சுவிட்ச் விழுந்துரும். அதனால வீட்டு லோட பாத்து தானா கொறச்சுக்கிற மாடலா கேளுங்க, கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவால்ல.

வயர்மேன் சுருஹன்ஜாயா தெனாகாவுல, அதான் எரிசக்தி ஆணையத்துல, பதிஞ்சவரான்னு பாத்துக்கங்க. கேபிள் 6 எம்எம்க்கு கொறையக் கூடாது, தூரம் அதிகம்னா 10. கரண்டு கசிஞ்சா கட் பண்ற பழைய ஆர்சிசிபியிலயே மாட்டி விட்டுர்றேன்னு சொன்னா வேற ஆள பாருங்க, கார் சார்ஜருக்கு டிசி கசிவையும் பிடிக்கிற பாதுகாப்பு வேணும். ரசீத பத்திரமா வைங்க, 2027 வரி ஆண்டு வரைக்கும் 2,500 வெள்ளி வரைக்கும் வரி விலக்கு கேக்கலாம்.

இன்னொன்னு, சார்ஜ் போடுற டைமர ராத்திரி 10க்கு மேல வைங்க. ஸ்மார்ட் மீட்டர் இருந்து டிஎன்பியோட டைம் ஆஃப் யூஸ், அதாவது நேரத்துக்கு ஏத்த கரண்டு விலை திட்டத்துல சேந்தீங்கன்னா வேலை நாள்ல மத்தியானம் 2ல இருந்து ராத்திரி 10 வரைக்குந்தான் விலை கூட, மத்த நேரம் யூனிட்டுக்கு சில சென் கொறையும். அது பெரிய காசு இல்லதான், ஆனா நம்ம கேஎல் இடி மின்னலும் பெரும்பாலும் சாயந்தரந்தானே, அந்த நேரத்துல கார் செவுத்தோட கட்டிக் கெடக்காம இருக்கும்ல. டிபி பாக்ஸ்ல மின்னல் அதிர்ச்சிய தாங்குற சர்ஜ் புரொடெக்டரும் ஒன்னு போடச் சொல்லுங்க.

கேள்வி: பாயான் பாருல கொண்டோ. காருக்கு சார்ஜ் போட ஆறாவது மாடியில இருந்து வயர் விடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு!
(வாசகி, பினாங்கு)

பதில்: வேணாம்மா, தயவு செஞ்சு அவர தடுத்துருங்க. மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டர் எழுதுங்க, உங்க மீட்டர்ல இருந்தே பார்க்கிங்கு லைன் இழுக்க அனுமதி கேளுங்க, பில்லு உங்க பேர்லதான் வரும்னு தெளிவா போடுங்க, அவங்க பயம் பாதி அதுலதான். பதில் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவ மால்ல வேகமா ஏத்துற டிசி சார்ஜர்ல போட்டுக்கிட்டு கடைக்கும் போயிட்டு வந்துருங்க.