மார்ச் விடுமுறையில் மலை கடக்கும் பயணம்: இரவில் புறப்படலாமா?

கேள்வி: மார்ச் பள்ளி விடுமுறையில் கிரிக் வழியாக ஜெலி, அங்கிருந்து குவா மூசாங், பிறகு கேமரன் மலைப் பக்கமாக இறங்கி வீடு திரும்பலாம் என்று இருக்கிறோம். சின்னக் கார். நாங்கள் இருவர், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் என் அப்பா. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மாலை 6 மணிக்குக் கிளம்பினால் இரவோடு இரவாக ஜெலி போய்விடலாம், சனி ஞாயிறு முழுதாகக் கிடைக்கும் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இளையவனுக்கு வளைவுச் சாலையில் வாந்தி வேறு வரும். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சகோதரி, உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இரவில் போக வேண்டாம். ஏறக்குறைய 120 கிலோமீட்டர் காட்டுச் சாலை அது. பெரும்பகுதியில் விளக்கு கிடையாது, கைப்பேசி அலை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஊர் என்று சொல்லும்படி இடையில் ஒன்றுமில்லை. 2025 மே மாதம் ஓர் அதிகாலை இருட்டில் யானைக்கன்று ஒன்று லோரியில் அடிபட்டு இறந்தது இங்கேதான். லோரிக்கு அடியில் கிடந்த கன்றை விட்டுத் தாய் நகரவே இல்லை. அடுத்த மாதமே, நள்ளிரவு தாண்டி, பண்டிங் ஏரிக்கு அருகில் பேருந்து விபத்தில் 15 மாணவர்கள் இறந்தார்கள். கணவரிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள். வண்டி ஓட்டும் திறமையைப் பற்றிய பேச்சு இல்லை இது. வளைவுக்கு அப்பால் நிற்பது யானையா, பழுதான லோரியா என்று இருட்டில் யாருக்கும் தெரியாது.

அவர் கேட்கும் இரண்டு நாளையும் பகலிலேயே தரலாம். இந்த வட்டத்தில் தித்திவங்சா மலைத்தொடரை இரண்டு முறை கடக்கிறீர்கள்: போகும்போது கிரிக்கிலிருந்து ஜெலிக்கு, வரும்போது குவா மூசாங்கிலிருந்து லோஜிங் வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு. இரண்டும் காலையில் அமையும்படி திட்டத்தைப் போடுங்கள். மார்ச்சில் கிழக்குக் கரையின் பருவமழை ஓய்ந்திருக்கும். மலைக்குப் போக இது நல்ல மாதம். ஆனால் மாதக் கடைசியை நெருங்கும்போது பிற்பகலில் இடியோடு மழை கொட்டத் தொடங்கும். வெட்டிய மலைச்சரிவில் மண் சரிவது அந்த மழையில்தான்.

சனிக்கிழமை காலை 5.15-க்குக் கிளம்புங்கள். கூலிம் வழியாகப் பாலிங் போய்ச் சேர 6.30 ஆகும். அங்கே பசியாறிவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு 7.15 போல் கூப்பாங் வழியாகக் கிரிக்குக்கு விடுங்கள். விடியுமுன் அந்தப் பகுதிக்குள் போக வேண்டாம், அங்கும் காடுதான். கிரிக்கில் பெட்ரோல் தொட்டியை முழுதாக நிரப்புங்கள். பாதி இருக்கிறதே என்று விடாதீர்கள், அடுத்து நம்பக்கூடிய நிலையம் ஜெலியில்தான். மானிய விலைக்கு மைகாட் (அடையாள அட்டை) வேண்டும் என்பதால் அதை எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். மொத்தச் சுற்றும் சுமார் 750 கிலோமீட்டர். ஐந்து பேரும் மூட்டையுமாக மலை ஏறும் சின்னக் காருக்கு 50 முதல் 60 லிட்டர் பிடிக்கும்.

கிரிக்கிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தெமெங்கோர் ஏரிப் பாலம். அணைநீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் அங்கங்கே தண்ணீருக்கு மேல் நிற்கும். மலேசியாவில் உள்ள 10 வகை இருவாச்சிப் பறவைகளும் வாழும் காடு இது. இங்குள்ள ரோயல் பெலும் காட்டுப் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், படகும் பேச வேண்டும். அரை மணி நேர நிறுத்தத்தில் ஆகிற காரியம் இல்லை. கணவருக்கு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு கிடைத்தால் மதியமே கிளம்பி, இருட்டுமுன் இந்த ஏரியில் உள்ள பண்டிங் போய்த் தங்குங்கள். எங்களைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கு ஏரியில் ஒரு மாலைப் பொழுது கிடைக்கும், மறுநாள் மலையேற்றமும் நிதானமாக நடக்கும்.

பேராக்–கிளந்தான் எல்லையில் தித்திவங்சா ஓய்விடம். இந்தச் சாலையின் உச்சி அதுதான், சுமார் 1,050 மீட்டர். அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு வருமோ என்று பயப்படும் உயரம் இல்லை. கீழே உள்ளதைவிட ஆறு டிகிரி போல் குளிராக இருக்கும், ஒரு சால்வை போதும். மாத்திரையை மட்டும் பின்னால் மூட்டையில் போடாமல் அவர் சட்டைப் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். காலையில் மூடுபனி இருந்தால் தாழ்விளக்கைப் போடுங்கள். உயர்விளக்கு போட்டால் பனி அந்த ஒளியைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். ஓடும்போது நான்கு சிக்னல் விளக்கையும் சிமிட்ட விடாதீர்கள்; நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. 1982-இல் திறந்த இந்தச் சாலை, கம்யூனிஸ்டுப் போராளிகள் நடமாடிய காரணத்தால் 1989 அமைதி ஒப்பந்தம் வரை இரவில் மூடியே கிடந்தது என்பதைப் பெரியவனுக்குச் சொல்லுங்கள். சுற்றிலும் உள்ள காட்டைப் பார்த்தால் ஏன் என்று அவனுக்கே விளங்கும்.

பகலிலும் யானை வரலாம். கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். 50 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ஹாரன் வேண்டாம், விளக்கைச் சிமிட்ட வேண்டாம், படம் பிடிக்க யாரும் இறங்க வேண்டாம். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அது உங்கள் பக்கம் நடந்தால் பின்னால் பார்த்து மெதுவாகப் பின்வாங்குங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளம்பிவிடாதீர்கள், கூட்டத்தின் மற்ற யானைகளும் கன்றும் புதரில் இருக்கலாம்.

ஜெலியில் சாப்பிட்டுவிட்டு டாபோங் வழியாகத் தெற்கே திரும்புங்கள். ஸ்தோங் மலை பக்கத்தில் நிற்கும். இந்தச் சாலையில் தொந்தரவு மாடுகள்தான், நடுரோட்டில் படுத்திருக்கும். பிற்பகலுக்குள் குவா மூசாங் சேர்ந்து தங்கிவிடுங்கள். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அறையை முன்பே பதிவு செய்யுங்கள். நோன்பு மாதத்தில் போவதாக இருந்தால் பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்காது. புளிசாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போவது நல்லது. பெருநாளை ஒட்டிய நாட்களில் இந்தப் பயணமே வேண்டாம். கிளந்தானுக்கு ஊர் திரும்புகிறவர்கள் எல்லாரும் இதே சாலையில்தான் இருப்பார்கள்.

ஞாயிறு காலை 8 மணிக்குள் குவா மூசாங்கில் மறுபடி தொட்டியை நிரப்பிவிட்டு ஏறுங்கள். லோஜிங் வழியாகக் கேமரன் மலையின் கம்போங் ராஜா சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே ஒரு தேநீர் குடித்து, காய்கறி வாங்கிக்கொண்டு, நேரே சிம்பாங் பூலாய்க்கு இறங்கிவிடுங்கள். கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகர்ப் பக்கம் திரும்பவே வேண்டாம். விடுமுறை ஞாயிற்றில் அந்த நெரிசலில் மாட்டினால், காலையில் மிச்சப்படுத்திய நேரம் எல்லாம் அங்கேயே போய்விடும். பிறகு மழையில்தான் இறங்க வேண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்தை இன்னொரு முறை, வேலை நாளில் போய்ப் பாருங்கள்.

மலையில் ஏறுவதற்குக் கார் திணறும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு 1,000 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். வழி நெடுக பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் சூடு தணிய நேரமே இருக்காது. முதலில் கருகிய வாடை வரும், பிறகு மிதிகட்டை மெத்தென்று உள்ளே போகும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 (DOT 3) என்ற வகை எண்ணெய் புதியதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதோ 140-இலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும், எவ்வளவு மிதித்தாலும் குமிழிதான் நசுங்கும், சக்கரம் நிற்காது. ஆகவே எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் புறப்படுமுன் பட்டறையில் அதைவிடச் சூடு தாங்கும் டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் பேட்டின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இறக்கம் தொடங்குமுன்பே கியரை எஸ் (S), பி (B), எல் (L), 2 என்று உங்கள் காரில் உள்ளதற்கு மாற்றுங்கள். இயந்திரம் உறுமும், அது அதன் வேலை, பயப்பட வேண்டாம். வேகம் மிஞ்சினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுங்கள். நியூட்ரலில் உருட்டவே கூடாது. வாடை வந்தால் சமதளத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான தட்டு நெளிந்துவிடும்.

டயர் காற்றை வீட்டில், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டுநர் கதவோரத்து ஒட்டுத்தாளில் முழுச் சுமைக்கான அளவு இருக்கும், அதையே வையுங்கள். பொருள்பெட்டியில் உபரி டயர் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். சில புதிய கார்களில் டயர் ஓட்டையை அடைக்கும் மருந்து மட்டும்தான். காப்புறுதியில் இழுவை லோரி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வையுங்கள்.

இளையவனுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி முன் இரண்டு இட்லி போதும். பின் இருக்கையில் நடுவில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்காரட்டும். கையில் கைப்பேசி கூடாது. கண் திரையில் நிலைத்து, உடல் மட்டும் ஆடும்போதுதான் குமட்டல் வரும். மருந்து கொடுப்பதாக இருந்தால் அவன் எடையைச் சொல்லி மருந்தாளரிடம் கேளுங்கள். ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி தொடங்கிய பின் கொடுத்துப் பயனில்லை.

சிம்பாங் பூலாய் வந்ததும் மலை முடிந்தது என்று கணவர் வேகம் எடுக்கக்கூடும். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு அப்பால் கோலக்கங்சார் பக்கம் இன்னொரு நீண்ட இறக்கம் இருக்கிறது. மழையில் வழுக்கும், சுமை லோரிகள் ஊர்ந்து இறங்கும். ஈப்போவிலேயே நிறுத்தி அரை மணி இளைப்பாறிவிட்டு, பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லுங்கள்.