வார்ப்பிரும்புப் பாத்திரம்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அக்கா, புதிய வார்ப்பிரும்பு வாணலியை எண்ணெய் தடவித் திரும்பத் திரும்பப் பழக்கிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பிசுபிசுவென்றே இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: எண்ணெய் அதிகமாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. பழக்குவது என்றால் இரும்புக்கு எண்ணெய் ஊட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எண்ணெய் கடும் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான பூச்சாக இறுகுகிறது. தடிமனாகத் தடவினால் மேல்பக்கம் மட்டும் இறுகும், உள்ளே இருப்பது பாதியில் நின்றுவிடும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான்.

வாணலியைக் கழுவி, ஈரம் முழுக்கப் போகும்வரை அடுப்பில் சூடாக்குங்கள். இளஞ்சூட்டில் அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளே, வெளியே, கைப்பிடியில் எல்லாம் தேய்த்துவிட்டு, பஞ்சு உதிராத துணியால் துடைத்தெடுங்கள். இனி துடைக்க எதுவும் இல்லை என்று தோன்றும்போது வேறொரு துணியை எடுத்து இன்னொரு முறை துடையுங்கள். அந்தக் கடைசித் துடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு ஓவனில் 230 டிகிரி செல்சியஸில் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் விட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலேயே புகை அடங்கும்வரை காயவிடலாம். ஏற்கெனவே பிசுபிசுப்பாக இருப்பதை எண்ணெய் தடவாமல் அதே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இறுகிவிடும்.

கேள்வி: ஆளிவிதை எண்ணெய்தான் சிறந்தது என்கிறார்களே?

பதில்: அது விரைவில் இறுகி அழகாகப் பளபளக்கும். ஆனால் அந்தப் பூச்சு நொறுங்கும் தன்மை கொண்டது, சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிடுவதுண்டு. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களே எனக்குப் போதும். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால் பூச்சு இறுகுவது தாமதமாகும்.

கேள்வி: சோப்புப் போட்டால் எல்லாம் போய்விடும் என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய சோப்புகளில் மிஞ்சியிருந்த காரம் அந்தப் பூச்சை அரித்துவிடும். இப்போதைய பாத்திரம் கழுவும் திரவத்தில் பொதுவாக அந்தக் காரம் இல்லை, இறுகிய பூச்சை அது ஒன்றும் செய்யாது. தாராளமாகக் கழுவுங்கள். ஊறவைக்க மட்டும் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. கழுவியதும் துடைத்து, சிறு தீயில் ஈரம் போகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: பரணில் கிடந்த பழைய கல் முழுவதும் துருப்பிடித்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! துரு பெரும்பாலும் மேலோட்டமானதுதான். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் மூழ்க வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து இரும்பு நாரால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற இரும்பு தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கிவிடும். அலசியவுடன் அடுப்பில் ஏற்றுங்கள், ஈரமான வெற்று இரும்பு கண்ணெதிரே செம்மஞ்சளாக மாறும். காய்ந்ததும் முதல் பதிலில் சொன்னபடி பழக்குங்கள்.

தேய்ப்பதற்கு முன் ஒரு சோதனை. கைப்பிடியில் தூக்கிப் பிடித்து விளிம்பை மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மந்தமாகத் தொப்பென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம். விரிசல் விட்டதில் சமைக்காதீர்கள்.

கேள்வி: நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவே இல்லை. வார்ப்பிரும்பு சூட்டைச் சமமாகப் பரப்பும் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: அது தவறான நம்பிக்கை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வார்ப்பிரும்பு வெப்பத்தை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் கடத்தும். கொஞ்சம் மாவைச் சீராகத் தூவிச் சூடாக்கிப் பாருங்கள், தீ படும் இடம் மட்டும் வளையமாகச் சிவக்கும். இதன் பலம் வெப்பத்தைத் தாங்கி வைத்திருப்பது. கனமாக இருப்பதால், குளிர்ந்த இறைச்சித் துண்டை வைத்தாலும் சூடு சட்டென்று இறங்காது. சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம், இடையிடையே திருப்பி வைத்துக் காயவிடுங்கள். முட்டை ஒட்டுவதும் பெரும்பாலும் அவசரத்தால்தான்.

கேள்வி: தக்காளி சேர்க்கலாமா?

பதில்: நன்கு பழகிய பாத்திரத்தில் கடைசி ஐந்து நிமிடம் சேர்க்கலாம். மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் பூச்சு கரையும், உணவில் இரும்பு வாடை வரும். அப்போது உணவில் சேரும் இரும்புச்சத்து பலருக்கு நல்லதே. உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா, அக்கா?

பதில்: வைக்கலாம், காந்தம் ஒட்டும் இரும்பு அல்லவா? கண்ணாடியின் மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். எடுத்த எடுப்பில் உச்சச் சூட்டில் வைக்காதீர்கள். சமைத்து முடித்த சூட்டோடு குளிர்ந்த நீரும் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வளையாது, வெடித்துவிடும்.